இல்லத்தில் ஓர் உழவாரப் பணி

திருமலையில் எழுந்தருளியிருக்கும் வேங்கடவன் திருக்கோயிலில் ஆண்டுக்கு நான்கு முறை, கோயில் முழுவதையும் தூய்மை செய்யும் வைபவம் ஒன்று நடைபெறுகிறது. யுகாதி, ஆனிவார ஆஸ்தானம், ஆண்டு பிரம்மோற்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்கு முன் வரும் செவ்வாய்க்கிழமையில் இது நிகழும். 'கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்' என்பது அதன் பெயர். அன்று மூலவர் திருமேனியைத் தூய துணியால் மறைத்துவிட்டு, கருவறையிலுள்ள பூஜைப் பொருள்களையும் பாத்திரங்களையும் வெளியே எடுத்து வைப்பார்கள். விதானம் முதல் தரை வரை எங்கும் தண்ணீர்விட்டுக் கழுவுவார்கள். நாமக்கட்டி, ஸ்ரீசூர்ணம், பச்சைக் கற்பூரம், சந்தனப் பொடி, குங்குமம், கிச்சிலிக் கிழங்கு முதலியவை கலந்த பரிமளக் கலவையைச் சுவரெங்கும் பூசுவார்கள். அதன் பின்னரே துணி விலக்கப்பட்டு, பூஜையும் நைவேத்தியமும் நிறைவேறி, அடியார்களுக்குத் தரிசனம் கிடைக்கும்.

இதில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. நாள்தோறும் கூட்டிப் பெருக்கி, வேளைதவறாமல் பூஜை நடக்கும் கோயில் அது. அங்கேயே ஆண்டுக்கு நான்கு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, தூய்மை செய்து, வேண்டியவற்றை மட்டும் அதனதன் இடத்தில் மீண்டும் வைக்கும் ஒழுங்கைப் பெரியோர் வகுத்திருக்கிறார்கள். கோயிலுக்கே அது தேவைப்படுகிறதென்றால், நாற்பது ஐம்பது ஆண்டுகள் குடித்தனம் நடந்த ஒரு வீட்டுக்கு எத்துணை தேவை என்று சொல்லவும் வேண்டுமா?

பொழுது எங்கே போகிறது?

வயது அறுபத்தைந்தைக் கடந்த பெரியோர் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. "உத்தியோகம் முடிந்துவிட்டது, பிள்ளைகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனாலும் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு சகஸ்ரநாமம் சொல்ல நேரம் கிடைக்கவில்லை" என்பதே அது. கேட்பவர்க்கு வியப்பாக இருக்கும். ஆனால் அந்த வீட்டின் காலைப் பொழுதைச் சற்று உற்று நோக்கினால் காரணம் விளங்கும்.

மூக்குக்கண்ணாடியைத் தேடுவதில் ஐந்து நிமிடம். மருந்துச் சீட்டைத் தேடுவதில் ஐந்து நிமிடம். வங்கிக்குப் புறப்படும் வேளையில் கணக்குப் புத்தகத்தைக் காணவில்லை என்று பீரோவைக் கவிழ்ப்பதில் ஐந்து நிமிடம். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் தேடுதலில் கழிகிறது என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் ஏறத்தாழ 91 மணி நேரம் ஆகிறது. விஷ்ணு சகஸ்ரநாமத்தை ஒருமுறை நிதானமாகப் பாராயணம் செய்ய அரை மணி நேரம் போதும். ஆக, அந்த 91 மணி நேரத்தில் நூற்று எண்பது முறைக்கு மேல் பாராயணம் செய்திருக்கலாம். தேடிய பொருள் கிடைத்துவிடலாம். தேடிய நேரம் கிடைக்காது.

தேடுவதோடு தொல்லை முடிவதில்லை. வீட்டிலிருக்கும் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய ஊழியத்தைக் கேட்கும். இருபது பித்தளை விளக்குகள் இருந்தால் இருபதையும் புளியிட்டுத் துலக்க வேண்டும். மூன்று அலமாரி நிறையக் கண்ணாடிப் பொருள்கள் இருந்தால் மூன்றையும் தூசி தட்ட வேண்டும். இளமையில் அந்த ஊழியம் பாரமாகத் தெரிவதில்லை. முழங்காலும் தோள்பட்டையும் ஒத்துழைக்க மறுக்கும் வயதில்தான், பொருள்களுக்கு யார் எசமானர், யார் ஊழியர் என்ற கேள்வி எழுகிறது.

அப்பர் பெருமான் காட்டிய வழி

திருநாவுக்கரசு நாயனாரின் திருவுருவம் எந்தச் சிவாலயத்தில் இருந்தாலும், கையில் உழவாரப் படை இருக்கும். புல்லையும் பூண்டையும் செதுக்கிக் கோயில் பிராகாரத்தைச் செம்மை செய்யும் எளிய கருவி அது. அவருடைய தமக்கையார் திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் நாள்தோறும் பொழுது புலருமுன் திருவலகு இட்டு, திருமெழுக்கிட்டு, மலர் கொய்து மாலை தொடுத்து வழிபட்டவர். துடைப்பத்தையும் 'திருவலகு' என்று திரு சேர்த்துச் சொல்வது சைவ மரபு. தூய்மை செய்வது வழிபாட்டுக்கு முன் செய்யவேண்டிய ஏதோ ஒரு வேலை அன்று. அதுவே வழிபாட்டின் முதற்படி.

அப்பர் பெருமான் முதுமையில் தங்கியிருந்து தொண்டு செய்த தலம் திருப்புகலூர். எண்பத்தோராம் வயதில் அவர் இறைவன் திருவடி சேர்ந்ததும் அங்கேதான் என்பது மரபு. அந்த முதிர்ந்த வயதிலும் அவர் உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை. அவருடைய பற்றற்ற உள்ளத்தை உலகுக்குக் காட்டத் திருவுளம் கொண்ட இறைவன், உழவாரம் நுழையும் இடமெல்லாம் பொன்னும் நவமணியும் விளங்கும்படி செய்தார் என்று சேக்கிழார் பெரியபுராணத்தில் கூறுகிறார். நாயனார் என்ன செய்தார்? அவற்றைப் புல்லோடும் பருக்கைக் கல்லோடும் ஒன்றாகவே கருதி, உழவாரத்தில் ஏந்தி, அருகிலிருந்த குளத்தில் எறிந்தார்.

இல்லறத்தார் பொன்னைக் குளத்தில் எறிய வேண்டியதில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரு பொருள் விலை உயர்ந்ததா என்று நாயனார் பார்க்கவில்லை. அது அந்த இடத்தில் இருப்பதால் தொண்டுக்கு உதவியா, இடையூறா என்றே பார்த்தார். வீட்டுப் பொருள்களைப் பிரிக்கும்போதும் இந்தக் கேள்வி ஒன்றே போதும்: இது இங்கே இருப்பதால் வழிபாட்டுக்கும் நலவாழ்வுக்கும் உதவியா, தடையா?

பூஜை அறை: எது வேண்டும், எது போதும்?

எந்த வீட்டிலும் ஒழுங்கு தொடங்க வேண்டிய இடம் பூஜை அறை. அதே வேளையில், கை வைக்கப் பெரிதும் தயங்கும் இடமும் அதுவே. ஒவ்வொரு யாத்திரையிலும் வாங்கிய படங்கள், நண்பர்கள் அளித்த விக்கிரகங்கள், கிருகப்பிரவேசத்துக்கு வந்த வெள்ளி விளக்குகள், கோயில்தோறும் கிடைத்த விபூதி, குங்குமப் பொட்டலங்கள், காய்ந்துபோன துளசி மாலை, பழைய ரட்சைக் கயிறுகள் என்று ஆண்டுக்கு ஆண்டு சேர்கின்றன. முடிவில் பெருமாளுக்குப் பூ வைக்க இடமிராது. விளக்குக்கும் படத்துக்கும் இடையே விரற்கடை இடைவெளிகூட இராது. தீப்பற்றும் அபாயத்தையும் எண்ண வேண்டும்.

நம் முன்னோர் வழிபாட்டில் எளிமையை எவ்வளவு உயர்வாகக் கருதினார்கள் என்பதற்குப் பஞ்சாயதன பூஜையே சான்று. நர்மதையில் கிடைக்கும் பாணலிங்கம் சிவபெருமானுக்கு. கண்டகி நதியின் சாளக்கிராமம் திருமாலுக்கு. சுவர்ணமுகி ஆற்றுக் கல் அம்பிகைக்கு. சோணபத்திரச் செங்கல் விநாயகருக்கு. தஞ்சையை அடுத்த வல்லத்தின் படிகம் சூரியனுக்கு. இந்த ஐந்து கற்களும் சேர்ந்து ஒரு சிறு தட்டில் அடங்கிவிடும். பாரத தேசத்தின் ஐந்து திசைப் புண்ணியமும் அத்தட்டில் இருக்கும். பூஜையின் பெருமை பொருள்களின் எண்ணிக்கையில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு சான்று திருநின்றவூர்ப் பூசலார் நாயனார். கல்லும் பொருளும் கிடைக்காத நிலையில் அவர் மனத்தாலேயே கோயில் எழுப்பினார். காடவர்கோன் காஞ்சியில் கற்றளி எடுத்துக் குடமுழுக்குக்குக் குறித்த நாளிலேயே, இறைவன் பூசலார் மனக்கோயிலில் எழுந்தருளத் திருவுளம் கொண்டான் என்பது வரலாறு.

"படத்தை எப்படி அகற்றுவது? பாவமாயிற்றே!" என்று மனம் அஞ்சும். அந்த அச்சத்துக்கு விடை வழிபாட்டு முறையிலேயே இருக்கிறது. பூஜையில் ஆவாஹனம் என்று ஒன்று இருப்பதுபோல் விடை கொடுக்கும் உபசாரமும் உண்டு. விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாரைப் பிராணப் பிரதிஷ்டை செய்து பூஜிப்பவர்கள், பின்னர் யதாஸ்தானம் செய்து நீரில் கரைத்துவிடுகிறார்கள். திருக்கோயில் திருப்பணியின்போது மூலமூர்த்தியின் சக்தியைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயத்தில் வைத்துப் பூஜை நடத்தி, பணி நிறைந்தபின் மீண்டும் நிலைநிறுத்துகிறார்கள். வடிவங்கள் மாறலாம், இறைவன் மாறுவதில்லை என்பதே இவற்றின் உட்பொருள். ஆகவே, வணங்கி விடைகொடுத்து ஒரு பழைய படத்தை அகற்றுவதில் குற்றமில்லை.

செய்முறையும் எளிது. நித்திய பூஜைக்குரிய மூர்த்திகள், குலதெய்வம், இஷ்டதெய்வம் ஆகியவற்றை முதலில் தனியே எடுத்து வைக்க வேண்டும். இவை ஒருபோதும் விலகாதவை. அடுத்து, நல்ல நிலையிலுள்ள ஏனைய படங்களைப் புதுமனை புகும் உறவினருக்கோ, கேட்டுப் பெறும் அன்பர்களுக்கோ அளிக்கலாம். கண்ணாடி உடைந்து, சாயம் போய், செல்லரித்த படங்களைச் சட்டத்திலிருந்து பிரித்து, காகிதத்தை மட்டும் நீரில் ஊறவைத்துக் கரைத்து, காலடி படாத இடத்தில் மண்ணில் சேர்த்துவிடலாம். சிறு களிமண் உருவங்களை வாளி நீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். பின்னமான உலோக விக்கிரகங்களை வார்ப்பு வேலை செய்யும் ஸ்தபதியிடமோ பாத்திரக் கடையிலோ கொடுத்தால், அவை உருக்கப்பட்டு மீண்டும் பயன்படும். அரசமரத்தடியில் கொண்டு வைத்துவிட்டு வருவதும், ஆற்றில் கண்ணாடியோடு எறிவதும் மரியாதை ஆகா. மரத்தடியில் வைத்த படம் மழையில் நனைந்து மிதிபடும். ஆற்றில் எறிந்த கண்ணாடி நீராட வருபவர் காலைக் கிழிக்கும்.

விபூதிப் பொட்டலங்கள் அனைத்தையும் பிரித்து ஒரே சம்புடத்திலும், குங்குமத்தை ஒரே சிமிழிலும் சேர்த்துவிட்டால், பிரசாதம் நாள்தோறும் நெற்றிக்குச் சேரும். எத்தலத்துப் பிரசாதமானாலும் அது பூசிக்கொள்வதற்கே வழங்கப்பட்டது; இழுப்பறையில் உறங்குவதற்கு அன்று. சுவாமி படம் அச்சிட்ட பழைய நாட்காட்டிகளும் திருமண அழைப்பிதழ்களும் தம் கடமையை முடித்துவிட்டவை. மணமக்களை மனமார வாழ்த்திவிட்டு அவற்றையும் பழைய படங்களைப் போலவே கரைத்துவிடலாம்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம்

பெரிய திருக்கோயிலுக்குச் சென்று அதன் அமைப்பைக் கூர்ந்து பார்த்தால் இல்லத்துக்கான பாடம் கிடைக்கும். வாகனங்கள் வாகன மண்டபத்தில் இருக்கும், திருவாபரணம் கருவூலத்தில், அமுதுபடி மடைப்பள்ளியில், மலர் நந்தவனத்தில். காலசந்திக்கு உரிய பொருளை அர்ச்சகர் அந்த வேளையில் தேடிக்கொண்டு நிற்பதில்லை. சிவாலயங்களில் இரவு அர்த்தசாமம் முடிந்து நடை சாத்தியபின், சாவியைப் பைரவர் சந்நிதியில் வைப்பது மரபு. காவல் தெய்வத்திடம் ஒப்படைக்கும் பக்தியும் அதில் இருக்கிறது. சாவிக்கு நிலையான ஓர் இடம் என்ற நடைமுறையும் இருக்கிறது.

வீட்டிலும் சாவிக்கு ஓர் ஆணி, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு தட்டு, மருந்துக்கு ஒரு பெட்டி, கைப்பேசிக்கு ஒரு மாடம் என்று வகுத்துவிட்டால் நினைவாற்றலின் சுமை பாதி குறையும். முதுமையில் மறதி வருவது இயல்பு. இடம் மாறாத பொருளை மறந்தவரும் எடுத்துவிடலாம். இடம் மாறும் பொருளை நினைவாற்றல் மிக்கவரும் தேடத்தான் வேண்டும்.

அடுக்களையில் நாள்தோறும் வேண்டிய பாத்திரங்கள் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பது நன்று. கனமான பொருள்கள் கீழ்த்தட்டில் இருக்கட்டும். அண்டா, தவலை, கொப்பரை முதலியவை எந்தக் கல்யாணத்துக்குப் பரணில் காத்திருக்கின்றன என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இன்று விசேஷங்களுக்குச் சமையற்காரரே பாத்திரங்களைக் கொண்டு வந்துவிடுகிறார். எழுபது வயதில் முக்காலி மீது ஏறிப் பரணை எட்டுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. பரணில் ஏறுவது இளையோர் வேலை. அதைவிட மேலானது, ஏற வேண்டிய தேவையே இல்லாதபடி பரணைக் காலி செய்வது.

படுக்கையிலிருந்து குளியலறைக்குச் செல்லும் வழியைத் தனியாகக் கவனிக்க வேண்டும். மடிந்த மிதியடி, தரையில் ஓடும் மின்கம்பி, வழியிலே வைத்த முக்காலி, பழைய செய்தித்தாள் அடுக்கு ஆகியவை நள்ளிரவில் தடுக்கிவிடும். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தபின், கோயில் பிரகாரத்தை வலம் வரும் பாக்கியம் திரும்பக் கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம்; சிலருக்குக் கிடைக்காமலும் போகலாம். ஆகவே அந்தப் பத்தடி வழியைத் தடையின்றி வைத்திருப்பது, பல பிரதட்சிணங்களைக் காத்துக்கொள்வதற்கு ஒப்பாகும். பூஜை அறைத் தரையில் சிந்திய எண்ணெயை உடனே துடைப்பதும் இந்தக் காவலில் சேரும்.

காகிதங்களில் அவசரம் கூடாது

பொருள்களை விரைவாக அகற்றலாம். காகிதங்களை அப்படி அகற்றக் கூடாது. தமிழுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குச் சென்றபோது, அவ்வூர்க் கோயிலில் இருந்த பழஞ்சுவடிகள் ஆகம விதி என்று சொல்லி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்டுவிட்டன என்பதை அறிந்து வருந்தினார். அதை 'என் சரித்திரம்' நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். பழையது என்ற ஒன்றே எரிப்பதற்குக் காரணமாகிவிட்டது. எத்தனை நூல்கள் போயினவோ!

ஆகவே, தாத்தாவின் பெட்டியில் ஓலைச்சுவடியோ, கையெழுத்துப் பிரதியோ, நூறாண்டு பழைய அச்சு நூலோ இருந்தால், பழைய காகிதக் கடைக்குப் போடுமுன் அறிந்தவரிடம் காட்ட வேண்டும். சென்னையில் உ.வே.சா. நூலகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. தஞ்சையில் சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. அங்குள்ளோர் பார்த்தால் அதன் மதிப்பு தெரியும்.

குடும்பத்துக்கு வேண்டிய காகிதங்களை இரண்டே உறைகளில் அடக்கிவிடலாம். முதல் உறை லௌகிகத்துக்கு: ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரத்தின் நகல், ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம், காப்பீட்டுப் பத்திரம், உயில் இருந்தால் அது இருக்குமிடம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் வாழ்நாள் சான்று அளிக்க வேண்டியிருக்கிறது. அந்த வேளையில் இந்த உறை ஒன்றே பாதி அலைச்சலைக் குறைத்துவிடும். நியமனதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் உறை வைதிகத்துக்கு. பெரும்பாலான வீடுகளில் இது எழுதப்படாமலே இருக்கிறது. பெரியவரின் நினைவில் மட்டும் இருக்கிறது. கோத்திரம், சூத்திரம், மூன்று தலைமுறை முன்னோர் பெயர்கள், அவர்கள் மறைந்த மாதம், பட்சம், திதி, குடும்பத்தார் அனைவரின் நட்சத்திரம், குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர், அங்கே செல்லும் வழி, பூசாரியின் குடும்ப விவரம், அங்கே படைக்கும் முறை, நிறைவேற்ற வேண்டிய வேண்டுதல்கள் ஆகியவற்றை ஒரே தாளில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும். கிராமத்தை விட்டு நகரம் வந்த குடும்பங்களில், பெரியவர் ஒருவர் கண்மூடியதும் குலதெய்வத்தின் ஊர்ப்பெயரே தெரியாமல் போய்விடும் நிலை இன்று உண்டு. பின்னர் பிள்ளைகள் சோதிடரிடம் சென்று "எங்கள் குலதெய்வம் எது?" என்று கேட்டு நிற்கிறார்கள். பரண் நிறையப் பாத்திரம் விட்டுச் செல்வதைக் காட்டிலும், இந்த ஒரு தாளை விட்டுச் செல்வது சந்ததிக்குப் பெரிய சொத்து.

கொடுப்பதிலும் ஒரு தருமம்

வேண்டாத பொருளைப் பிறருக்குக் கொடுப்பது எளிது. அது தானம் ஆகுமா என்பது வேறு கேள்வி. கடோபநிடதம் ஒரு வேள்வியில்தான் தொடங்குகிறது. வாஜசிரவசர் தம்மிடமுள்ளதையெல்லாம் தானம் செய்யும் வேள்வி இயற்றுகிறார். ஆனால் அவர் அளித்த பசுக்களோ, இனி நீர் குடிக்கவும் புல் மேயவும் வலுவற்ற, பால் வற்றிய கிழப்பசுக்கள். அதைக் கண்ட சிறுவன் நசிகேதன் மனம் வருந்தி, "தந்தையே, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியே அவனை யமன் வாயிலுக்குக் கொண்டு சென்றது. உபயோகமற்றதைத் தள்ளிவிடுவதற்குத் தானம் என்று பெயரிடக் கூடாது என்பதைச் சிறுவன் உணர்ந்திருந்தான்.

கிழிந்த சேலையையும் கைப்பிடி உடைந்த பாத்திரத்தையும் ஏழைக்குக் கொடுப்பது அந்தக் கிழப்பசுக்களைப் போன்றதுதான். துணியானால் துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுக்க வேண்டும். பாத்திரமானால் துலக்கிக் கொடுக்க வேண்டும். கோயிலுக்கு விளக்கோ மணியோ அளிக்க விரும்பினால், "இது உங்களுக்குத் தேவைப்படுமா?" என்று முதலில் கேட்க வேண்டும். நகரத்துப் பெரிய கோயிலில் நூறு விளக்குகள் அடுக்கியிருக்கும்; ஒருகால பூஜையே தடுமாறும் கிராமத்துக் கோயிலில் ஒரு நல்ல தூண்டாமணி விளக்கு இல்லாதிருக்கலாம். ஸ்தோத்திரப் புத்தகங்கள் இரண்டு மூன்று பிரதிகள் இருந்தால், பாராயண கோஷ்டிக்குப் புதிதாக வரும் ஒருவருக்கு அளிக்கலாம். கொடுத்த பொருள் அங்கே நாள்தோறும் புழங்கும்போது, கொடுத்தவர் வீட்டில் இடமும் பெருகும், நெஞ்சும் நிறையும்.

மறைந்தவரின் பொருள்கள்

எல்லாவற்றிலும் கடினமானது, மறைந்த துணையின் பொருள்களைப் பிரிப்பது. கணவரின் வேட்டி, கைத்தடி, கடிகாரம். மனைவியின் சேலை, தாம்பூலப் பெட்டி, அவர் கைப்பட எழுதிய பாட்டுப் புத்தகம். இவற்றைத் தொட்டால் கண் கலங்கும். தொடாமல் விட்டால் அலமாரி பூட்டியே கிடக்கும். இங்கே யாரும் யாரையும் அவசரப்படுத்துதல் தகாது.

ஆயினும் சாத்திரம் இதற்கும் ஆறுதலான ஒரு வழியை வகுத்திருக்கிறது. அபரக் கிரியையின் போது குடை, பாதரட்சை, வஸ்திரம், படுக்கை, பாத்திரம் முதலியவற்றைத் தானம் செய்யும் வழக்கம் உண்டு. மறைந்தவர் பயன்படுத்திய பொருள்களுக்கு ஒப்பானவை இன்னொருவர் கையில் உயிர் பெறுகின்றன. அன்று செய்ய இயலாதவர்கள், ஆண்டுத் திதியை அடுத்த நாள்களில் சிறிது சிறிதாகச் செய்யலாம். முப்பது சேலைகளில் இரண்டை வைத்துக்கொள்ளலாம். பேத்திக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று, வீட்டு வேலைக்கு உதவும் பெண்ணுக்கு ஒன்று என்று பெயர் சொல்லிக் கொடுக்கலாம். பாட்டுப் புத்தகத்தை மட்டும் எக்காலத்தும் கொடுக்க வேண்டியதில்லை. அது பூஜை அறையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமைதோறும் அதிலிருந்து ஒரு பாட்டைப் பாடினால், அலமாரி முழுவதையும் பூட்டி வைத்ததைவிட நினைவு பசுமையாக இருக்கும்.

பிள்ளைகளுக்கும் இங்கே ஒரு கடமை உண்டு. வெளியூரிலிருந்து பத்து நாள் விடுமுறையில் வந்து, "ஏம்மா இதெல்லாம் சேர்த்து வச்சிருக்கே?" என்று கேட்டு, அன்றே மூட்டை கட்டி அனுப்பிவிடுவது அன்பு ஆகாது. தாயின் கண்ணெதிரில், தாயின் சொற்படி, தாய் அமர்ந்து "இது வேண்டும், இது வேண்டாம்" என்று சொல்ல, பிள்ளைகள் கையும் காலுமாக நின்று செய்வதே முறை. பொருள் பெரியவருடையது, தீர்மானமும் பெரியவருடையதாகவே இருக்க வேண்டும். பெரியவர்களும் ஒன்றை நினைவில் கொள்ளலாம். தாம் இருக்கும்போது ஒரு பொருளின் கதையைச் சொல்லிக் கொடுத்தால் அது பரிசு. தாம் போனபின் கதை தெரியாமல் கிடந்தால் அது பிள்ளைகளுக்கு வெறும் சுமை.

வீட்டிலேயே ஒரு வானப்பிரஸ்தம்

தலை நரைத்து, தோல் சுருங்கி, பேரன் முகம் கண்டபின் இல்லறத்தான் வனம் புகலாம் என்று தரும நூல்கள் விதித்தன. இக்காலத்தில் காட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. அந்த விதியின் உட்கருத்தோ இன்றும் மாறவில்லை. சேர்க்கும் காலம் முடிந்தது; இனி விடுக்கும் காலம் என்பதே அது. பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் யமங்கள் ஐந்தினுள் ஒன்றாக 'அபரிக்கிரகம்' என்னும் பொருள் சேர்க்காமையைக் கூறினார். நியமங்கள் ஐந்தும் 'சௌசம்' என்னும் தூய்மையில் தொடங்கி 'ஈசுவரப் பிரணிதானம்' என்னும் இறைவனிடம் ஒப்படைத்தலில் முடிகின்றன. தூய்மையில் தொடங்கிய பாதை இறைவனிடம் முடிவதை அந்த வரிசையே காட்டுகிறது.

இப்பணிக்கு ஆண்டு முழுவதும் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறது நம் பண்டிகை மரபு. மார்கழியின் கடைசி நாளான போகி, பழையன கழிப்பதற்கு. அன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் தெருவில் எரிப்பது அந்த நாளின் நோக்கத்துக்கே மாறானது. எரிக்க வேண்டாம் என்று தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியமும் ஆண்டுதோறும் வேண்டுகோள் விடுக்கிறது. கழிப்பதற்கு நெருப்புத் தேவையில்லை; பழைய பொருள் வாங்குபவரும், தேவையுள்ள அயலாரும் போதும். வரலட்சுமி விரதத்துக்கு முன் பூஜைப் பாத்திரங்கள், நவராத்திரிக்குக் கொலுப்பெட்டி, சரஸ்வதி பூஜைக்குப் புத்தக அலமாரி, கார்த்திகைக்கு விளக்குகள் என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒரு மூலையை ஒப்படைத்துவிட்டால், ஓராண்டில் வீடு முழுவதும் ஒருமுறை கைபட்டுவிடும். கொலு பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பெட்டி மேல் எந்தப் படிக்குரியவை என்று எழுதி வைக்கும் மாமிகளின் நேர்த்தி எல்லா அலமாரிக்கும் பொருந்தும்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நாளைக்கு ஓர் இழுப்பறை, பத்து நிமிடம், நாற்காலியில் அமர்ந்தபடியே. உள்ளிருப்பவற்றை எல்லாம் வெளியே எடுத்து, இழுப்பறையைத் துடைத்து, வேண்டியவற்றை மட்டும் திரும்ப வைத்து, கொடுக்க வேண்டியவற்றை ஒரு பையில் இட்டு, பையை வாசற்பக்கம் வைத்துவிட வேண்டும். களைப்புத் தட்டினால் அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளலாம். மறுநாள் அடுத்த இழுப்பறை. சந்தேகப்படும் பொருள்களை ஒரு பெட்டியில் இட்டு, மேலே தேதி எழுதி வைக்கலாம். அடுத்த போகி வரை அதைத் திறக்கத் தேவை ஏற்படவில்லை என்றால் விடை தானே தெரிந்துவிடும்.

மிச்சப்படும் நேரத்தை என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே நிச்சயித்துக்கொள்வது நலம். இல்லையேல் தொலைக்காட்சி அதை விழுங்கிவிடும். காலையில் மிச்சமாகும் பதினைந்து நிமிடம் ஒரு பதிகத்துக்கு. மாலையில் மிச்சமாகும் பதினைந்து நிமிடம் அருகிலுள்ள கோயில் வரை நடந்து சென்று ஒரு பிரதட்சிணத்துக்கு. பேரப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தால் ஒரு நாயன்மார் கதைக்கு. விளக்கு ஏற்றும் வேளையில் தீப்பெட்டி அதன் இடத்தில் இருக்க வேண்டும். திரியும் எண்ணெயும் கைக்கெட்ட வேண்டும். அமர்வதற்கு ஒரு பலகை போட இடம் இருக்க வேண்டும். அவ்வளவு ஒழுங்கு அமைந்துவிட்டால், மற்றதை அந்தச் சுடர் பார்த்துக்கொள்ளும்.